சயாம் ரயில்பாதை ஆஸ்பத்திரி முகாம் – விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்
வணக்கம். எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். அப்பாவின் பெரியப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கிருந்து ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூங்கில் கீறிய கால் புண்ணாகி, எலும்பு தெரிய காஞ்சனபுரியில் கூலிகளுக்கான ஆஸ்பத்திரி முகாமில் கிடந்தாராம். வைத்தியம் பார்த்த வெள்ளைக்கார டாக்டரும் கைதிதான் என்பார். வீட்டில் யார் நம்பினார்கள்! ஆனால் 1943-இல் சிங்கப்பூரிலிருந்து கே, எல் என்று இரண்டு போர்க்கைதி மருத்துவக் குழுக்களைக் கூலிகளுக்கு வைத்தியம் பார்க்கவே அனுப்பியிருக்கிறார்கள். சிப்பாய்களுக்காவது பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது; நம்மாட்களுக்கு ஒரு பட்டியல்கூடக் கண்ணில் படவில்லை.

அந்த முகாமின் நோயாளிப் பதிவேடோ டாக்டர்களின் நாட்குறிப்போ எங்கே பார்க்கலாம்? அப்புறம், திருவாரூர், நாகை பக்கம் யார் வீட்டிலாவது அந்தக் காலத்துக் கடிதம் இருந்தாலும் சொல்லுங்கள்.