மகளின் கல்யாண ஹோலில் டிஜே, பிரீ ஷூட்: எதில் உறுதியாக நிற்பது, எதை விடுவது?

கல்லடி அம்மா:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் மெதடிஸ்த சபை. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை பகுதி கல்முனை. அவர்களும் விசுவாசிகள், நல்ல குடும்பம். ஆலய ஆராதனை பற்றி ஒரு பேச்சுமில்லை, பாட்டுகளைக்கூட இரண்டு வீடும் சேர்ந்துதான் தெரிந்தெடுத்தோம். பிரச்சினையெல்லாம் அதற்குப் பிறகு ஹோலில் நடக்கப்போவதுதான்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் டிஜே பிடித்துத் தருகிறார்களாம். ஹோலுக்குப் பின்பக்கம் 'பொடியன்மாருக்குக் கொஞ்சம்' வைக்க வேண்டுமாம். அதோடு பிரீ ஷூட். விடியக்காலையில் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் தெரியும், கல்யாணம் முடியாத சோடிகளைச் சினிமாப் பாட்டில் வருவதுபோலக் கட்டிப்பிடிக்க வைத்துப் படமெடுக்கிறார்கள். அதைத்தான் பிறகு பெரிய ஸ்கிரீனில் போடுவார்கள், பெரியம்மாமாரும் போதகர் ஐயாவும் பார்த்துக்கொண்டிருக்க.

அண்மையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் லைட்டைக் குறைத்தார்கள். அறிவிப்பாளர் சின்னப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டார். காலையில் பூக்கூடை பிடித்துப் பெண்ணுக்கு முன்னால் நடந்த பிள்ளை, ஆறேழு வயதிருக்கும். அதே வெள்ளைச் சட்டை, தலையில் அதே பூவளையம். குத்துப்பாட்டுக்கு இடுப்பை வெட்டி, உதட்டைக் கடித்து, கண்ணடித்தது. படத்தில் நடிகை செய்வதை அச்சொட்டாகச் செய்தது. பெரியவர்கள் கைதட்டி, போனில் எடுத்தார்கள். எனக்குச் சாப்பிட்டது செமிக்கவில்லை. பிள்ளையில் என்ன குற்றம்? நாம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெபத்தை விட்டுவிட்டு டீவியைப் போட்டுவைத்தால் பிள்ளை அதைத்தான் படிக்கும்.

மகள் சொல்கிறாள், "அம்மா, சேர்ச்சில உங்கட விருப்பம், ஹோலில எங்கட விருப்பம்" என்று. இந்தப் பிரிப்புத்தான் என்னால் தாங்க முடியாதது. பகலில் தேவனுக்கு முன்பாக வாக்குக் கொடுத்த அதே இரண்டு பேர்தானே இரவில் ஹோலில் நிற்கப்போகிறார்கள்? "என் வீட்டிலே உத்தம இருதயத்தோடு நடந்துகொள்ளுவேன்" என்று சொன்ன கையோடுதான் 101ஆம் சங்கீதம் "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்கிறது. வீட்டுக்குச் சொன்னது கல்யாண வீட்டுக்கும்தான்.

இன்னொன்று. எங்கள் மட்டக்களப்பு வழக்கப்படி வீடு மகளுக்கு, மருமகன் இங்கேதான் வந்து இருக்கப்போகிறார். முதல் நாளே மனக்கசப்போடு தொடங்க விருப்பமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை:

சகோதரி, மதுவில் அசைய வேண்டாம். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, அடுத்த வருடமே இங்கே மரித்து, நமக்கு விட்டுப்போன சபை இது. அந்தச் சபையின் பொது விதிகளை, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1743இலேயே எழுதிவிட்டார். மிக அவசியமான தேவைக்கன்றிச் சாராய வகைகளை வாங்கவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்பது அதில் இருக்கிறது. கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் செய்ய முடியாத பொழுதுபோக்குகளை விலக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. பாட்டு லிஸ்டை மகளின் கையிலேயே கொடுத்து, அந்த அளவுகோலால் அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றது, மகள் மூலம் செய்தி அனுப்பாதீர்கள். நீங்களும் கணவரும் கல்முனைக்கு வந்து சம்பந்தியோடு நேரே கதையுங்கள். அவர்களும் இதையே நினைத்து, மகனுக்குப் பயந்து பேசாமல் இருக்கலாம்.

அக்கரைப்பற்று மருமகள்:

ஆன்ட்டி, எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பொடியன்மார் கார் பார்க்குக்குப் போய்விடுவார்கள், வானுக்குள்ளே போத்தல் திறக்கும். நாங்கள் டிஜேயை வைத்தோம். ஆனால் பாட்டுகளை நாங்களே பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, வேறு யார் கொண்டுவந்தாலும் போடக்கூடாது என்று காசு பேசும்போதே சொல்லிவிட்டோம். லைட்டைக் குறைக்க விடவில்லை. அது ஒன்றே பாதிக் கூத்தைக் குறைத்தது. இடையில் வாலிபர் சங்கத்தினர் பாடினார்கள்.

பிரீ ஷூட்டுக்கு என்ட மச்சாளும் கூட வந்தா. சாரியோடு நின்று எடுத்த படங்கள், இப்போது பார்த்தாலும் கூச்சமில்லை. அதை முழுக்கத் தடுக்காதீர்கள், ப்ளீஸ்.

டச்பார் அங்கிள்:

நான் கத்தோலிக்கன், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பம். ஆடினாலே பாவம் என்று யாரும் இங்கே முடிவெடுத்துவிட வேண்டாம். எங்கள் கல்யாணங்களில் வயலின் வாசிக்க, கஃப்ரிஞ்ஞா, லான்சர்ஸ் என்ற எங்கள் பழைய ஆட்டங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறோம். பாட்டி பேரனோடு ஆடுவா, தகப்பன் மகளோடு ஆடுவார். எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலும் நடக்கிறது. பெரியவர்கள் கதிரையில் ஒதுங்கி உட்கார்ந்து, நடு ஹோலை இருட்டில் இளசுகளுக்கு விட்டுக்கொடுத்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

மதுவில் ஆசிரியர் ஐயாவோடு முழுக்க உடன்படமாட்டேன், வேதத்தில் வரும் கானாவூர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடி திராட்சரசம் இருந்தது. ஆனால் அங்கே இயேசுவும் மாதாவும் பந்தியிலேயே இருந்தார்கள். ஹோலுக்குப் பின்னால் ஒளித்துக் குடிப்பதற்கு அந்த வசனத்தைக் காட்ட முடியாது.

கல்லடி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே கல்முனைக்குப் போய் வந்தோம். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு" என்றா. மது இல்லை, கார் பார்க்கிலும் இல்லை. இதை ஹோல்காரரிடம் மாப்பிள்ளையின் தகப்பனே சொல்லுவார். லைட் குறைக்கிறதில்லை. சின்னப் பிள்ளைகளைச் சினிமாப் பாட்டுக்கு மேடையேற்றுகிறதுமில்லை.

அக்கரைப்பற்று மகள், பிரீ ஷூட்டுக்கு உங்கட மச்சாள் போனதுபோல இங்கே என் தங்கச்சி போவா. ஆனால் அந்தப் படங்கள் ஸ்கிரீனில் வராது, ஆல்பத்தில் இருக்கட்டும். அங்கிள், உங்கள் ஆட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், மரியாதையான ஆட்டம். எங்கள் சனத்துக்கு அப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை. நாங்கள் ஆட இறங்கினால் அந்த இடத்தில் சினிமாதான் வந்து நிற்கும். அதனால் எங்கள் ஹோலில் பாட்டு மட்டும்.

மகள் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பாட்டு லிஸ்டை மட்டும் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இனி அறிவிப்பாளர்தான் மிச்சம். இரட்டை அர்த்தப் பகிடி விடாமல் நடத்திக்கொடுக்கக்கூடிய ஒருவரை மட்டக்களப்புப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.