என்விடியா: 5 லட்சம் கோடி டாலர் தாங்குமா?

கணக்குப்புலி:
அக்டோபர் 2025 கடைசியில், AI-க்கான சிப் செய்யும் என்விடியாவின் சந்தை மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யப்போவதாக அறிவித்தார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி என்விடியா சிப் வாங்கவே திரும்பி வரும். மளிகைக்கடைக்காரரே காசைக் கையில் கொடுத்து "என் கடையிலேயே வாங்கிக்கோ" என்றால் அன்றைய வியாபாரம் அமோகமாகத்தான் தெரியும். என்விடியா சிப்புகளை வாங்கி, கணினித் திறனை வாடகைக்கு விடும் கோர்வீவ் நிறுவனத்தில் என்விடியாவுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே விற்காமல் மிஞ்சும் கணினித் திறனைத் தானே வாங்கிக்கொள்வதாக 630 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் போட்டிருக்கிறது. 2000-க்கு முன் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்த லூசென்டும் நார்டெலும் இப்படித்தான் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து விற்பனையைக் கூட்டின. அப்புறம் வாங்கியவர்களால் கடனைக் கட்ட முடியாமல் போக, இரண்டு நிறுவனங்களும் சரிந்தன.

வைகைக்கரை:
அண்ணே, லூசென்ட் கடன் கொடுத்தது லாபமே பார்க்காத புதுத் தொலைத்தொடர்பு கம்பெனிகளுக்கு. இங்கே சிப்புகளுக்கு முக்கியமாகச் செலவு செய்வது மைக்ரோசாஃப்ட், மெட்டா, அமேசான் போன்றவர்கள். சொந்த லாபத்திலிருந்தே கொடுக்கக் கூடியவர்கள். ஓபன்ஏஐ அறிவிப்பு 2025-இல் வந்தபோது கட்டாயமில்லாத விருப்பக் கடிதம்தான். டேட்டா சென்டர்களை ஒவ்வொரு கிகாவாட் மின்திறனாக அமைக்க அமைக்கத்தான் பணம் போகும் என்றுதான் சொன்னார்கள்.

விலையையும் பாருங்கள். ஜனவரி 2025-இல் முடிந்த நிதியாண்டில் விற்பனை 13,050 கோடி டாலர், நிகர லாபம் 7,290 கோடி. 5 லட்சம் கோடி மதிப்பு என்பது 2025 அக்டோபரோடு முடிந்த நான்கு காலாண்டு லாபத்தைப் போல சுமார் 50 மடங்கு. 2000-இல் இணையக் கருவிகள் செய்யும் சிஸ்கோ உச்சத்தில் இருந்தபோது அது 100 மடங்கையும் தாண்டியிருந்தது.

கணக்குப்புலி:
லாபம் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை தம்பி. அது நீடிக்குமா என்பதுதான் கேள்வி. 100 டாலருக்கு விற்றால் 70 டாலருக்கு மேல் மொத்த லாபமாக நிற்கும் தொழிலில் போட்டி வராமல் இருக்காது. கூகுள் தன் ஜெமினி 3 AI மாடலை முழுக்க டிபியு என்ற சொந்தச் சிப்பிலேயே பயிற்றுவித்தது. அமேசானிடம் டிரெய்னியம் என்ற சொந்தச் சிப் இருக்கிறது. பெரிய வாடிக்கையாளர்களே போட்டியாளர்களாகவும் மாறுகிறார்கள். போதாததற்கு, 2025 ஜூலையில் முடிந்த காலாண்டில் இரண்டே வாடிக்கையாளர்கள் மொத்த விற்பனையில் 39 சதவீதம்.

வைகைக்கரை:
அந்த இருவரும் நேரடியாக வாங்குபவர்கள். சிப்பை வாங்கி சர்வராகப் பொருத்தி மற்றவர்களுக்கு விற்பவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். இரண்டு பேர் விலகினால் 39 சதவீதம் போய்விடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கூகுளுக்கு டிபியு சரி, மற்றவர்களுக்கு? என்விடியா சிப்புக்கு நிரல் எழுத உதவும் அதன் கூடா (CUDA) மென்பொருள் 2007-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதில் எழுதிப் பழகியவர்களை ஒரே வருடத்தில் வேறு பக்கம் நகர்த்த முடியாது.

ரேக்_வரிசை:
நான் டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறவன். இருவரும் தொடாத ஒன்று: தேய்மானம். இயந்திரத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்து வருடாவருடம் செலவாக எழுதுவார்கள்; ஆயுளை நீட்டினால் லாபம் கூடித் தெரியும். ஜனவரி 2025-இல் மெட்டா தன் சர்வர்களின் ஆயுளை ஐந்தரை ஆண்டாக நீட்டியது. அதே மாதம் அமேசான் தன் சர்வர்களில் ஒரு பகுதிக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. AI வேகத்தில் இயந்திரம் சீக்கிரம் பழசாகிறது என்பது அமேசான் சொன்ன காரணம். ஏறக்குறைய ஒரே வகை இயந்திரத்துக்கு இரண்டு கணக்கு! 2008 வீட்டுக்கடன் சரிவை முன்பே கணித்த முதலீட்டாளர் மைக்கேல் பர்ரி பிடித்துக்கொண்டதும் இதைத்தான்.

என்விடியாவின் நிதித் தலைவர் கொலெட் கிரெஸ் 2025 நவம்பரில், ஆறு ஆண்டு முன் அனுப்பிய ஏ100 சிப் இன்றும் முழுப் பயன்பாட்டில் ஓடுகிறது என்றார். ஏ100 அறிமுகமானதே மே 2020; அப்போது ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்னது என்ன? புதுத் தலைமுறைச் சிப்பான பிளாக்வெல் பெருமளவில் வந்துவிட்டால் முந்தைய தலைமுறை ஹாப்பரைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள் என்று. வருடத்துக்கு ஒரு புதுச் சிப் விற்பதும், பழையது ஆறு வருடம் உழைக்கும் என்பதும் எப்படி ஒத்துப்போகும்?

வைகைக்கரை:
ஒத்துப்போகும். புதியது AI மாடலைப் பயிற்றுவிக்க, பழையது பயிற்சி முடிந்த மாடல் பதில் சொல்லும் வேலைக்கு. வாடகை குறையுமே தவிர இயந்திரம் குப்பைக்குப் போகாது.

ரேக்_வரிசை:
வாடகை குறையும் என்பதே பிரச்சினை. கடன் வாங்கி ஜிபியு (இந்த AI சிப்புகள்) வைத்திருக்கும் கோர்வீவ் போன்றவர்கள் வட்டியைக் குறைந்த வாடகையிலிருந்துதான் கட்ட வேண்டும். அவர்கள் தடுமாறினால் அடுத்த ஆர்டர் சுருங்கும். பழைய கார்டுகளின் மணிநேர வாடகை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலாண்டு விற்பனையில் தெரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.