பிரியாத பீட்டில் கிராங்க்கேஸ்: உளி வைக்கலாமா, கூடாதா?

காட்பாடி வண்டு:
1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 1500 சிசி. இன்ஜினை இறக்கி ஹெட், சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் எடுத்தாச்சு. ஃப்ளைவீலின் 36 சைஸ் நட்டுக்கு மட்டும் நீள பைப் மாட்டி இரண்டு பேர் தொங்கினோம். நடுவில் இருக்கும் ஆறு பெரிய நட்டும், ஓரத்து 13 சைஸ் நட்டுகளும் கழற்றியாகிவிட்டது. ஆனால் கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் வெளிக்கூடு, இரண்டாகப் பிரிய மாட்டேன் என்கிறது. ஃப்ளைவீல் பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கு, ஆயில் பம்ப் பக்கம் அசைவே இல்லை. மூன்று ஞாயிறு போச்சு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்களே, பிரியாத இன்ஜினையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கலாம்.

ஆற்காடு ஸ்பானர்:
தம்பி, வாய் திறந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அகல உளியை அந்த இடத்தில் வைத்து லேசா இரண்டு தட்டு. அதுக்கும் வரலைன்னா கேஸ் டார்ச் தீயைக் காட்டு. முப்பது வருஷமா புல்லட் இன்ஜினை நான் இப்படித்தான் பிரிக்கிறேன், ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

பாலாற்று மணல்:
அண்ணே, உங்க அனுபவத்துக்குக் கும்பிடு, ஆனா பீட்டிலில் உளி வேண்டவே வேண்டாம். இரண்டு பாதிக்கும் நடுவில் பேக்கிங் கிடையாது, மெல்லிசா பூசின சீலண்ட் மட்டும்தான். அந்த இரண்டு பாதியும் ஒட்டுகிற முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கே ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். தேய்த்துச் சமன் செய்துக்கலாம் என்பீர்கள். மெயின் பேரிங் உட்காரும் துளையே பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் அண்ணே, முகத்தைத் தேய்த்தால் துளை வட்டம் கெட்டுப்போகும், அப்புறம் லைன் போரிங், அதாவது எல்லா பேரிங் துளையையும் ஒரே நேர்கோட்டில் திரும்பக் கடையும் வேலை, செய்யாமல் இன்ஜினைப் பூட்ட முடியாது. டார்ச்சும் கூடாது, கிராங்க்கேஸ் மக்னீசியம் கலவை.

ஆற்காடு ஸ்பானர்:
மக்னீசியம் மக்னீசியம்னு பூச்சாண்டி காட்டாதீங்க. அவ்வளவு பெரிய கட்டி அப்படியெல்லாம் பற்றிக்காது.

பாலாற்று மணல்:
கட்டி பற்றாது, ஒத்துக்கறேன். அரம் போட்ட தூள் பற்றும், தம்பி டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி வைத்திருந்தால் அதுவும் பற்றும். மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம், காய்ந்த மணல்தான் போடணும். சூடு வேண்டாம் என்று நான் சொல்லலை. மக்னீசியம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும், அதனால் ஹீட் கன்னில் பரவலா சூடாக்கினால் உள்ளே இருக்கிற டவல் பின் (சின்ன இரும்பு முளை) பிடி தளரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சொய்ங் என்று அடங்கணும், அதுக்கு மேல் போகாதீங்க.

ராணிப்பேட்டை 13:
சண்டை அப்புறம். வண்டு, ஆயில் பம்ப் பாடியை எடுத்தியா? முன்னாடி பூட்டின மெக்கானிக் என்ன பூசியிருக்கார்?

காட்பாடி வண்டு:
மூடியும் கியரும் எடுத்தேன், பாடி உள்ளேதான் இருக்கு. அது தனியா வருமா? இணைப்பில் காய்ந்துபோன அரக்கு மாதிரி பழுப்பா ஏதோ இருக்கு சார்.

ராணிப்பேட்டை 13:
அட, பம்ப் பாடி இரண்டு பாதிக்கும் குறுக்கே உட்கார்ந்திருக்கிறதே, அது இருக்கிற வரைக்கும் எப்படிப் பிரியும்? அந்தப் பழுப்பு ஷெல்லாக், சாட்சாத் அரக்கேதான். பெட்ரோல், டீசல் எதுக்கும் மசியாது. மர பாலிஷ் போடும் ஆசாரியிடம் ஸ்பிரிட் வாங்கி பிரஷ்ஷில் இணைப்பு முழுக்க விடு. ஸ்பிரிட் ஈரம் இருக்கும்போது ஹீட் கன் பக்கம் போகாதே.

ஆற்காடு ஸ்பானர்:
இதுக்குத்தான் அம்பாசடர் வாங்கச் சொல்றது. ஒரே பிளாக், பிரிக்கிற தலைவலியே இல்லை.

காட்பாடி வண்டு:
இன்று பிரிந்தது! பம்ப் பாடியை புல்லர் போட்டு எடுத்தேன், இரண்டு ராத்திரி ஸ்பிரிட். அப்படியும் அசையலை. வெறுத்துப்போய் பம்ப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கம்பி பிரஷ் போட்டால், தார் மாதிரி அப்பியிருந்த அழுக்குக்குள் ஒரு 13 நட் முழுசா இருக்கு. எல்லாம் கழற்றியாச்சுன்னு நான்தான் எழுதியிருந்தேன், திட்டிக்கோங்க. அதை எடுத்து, தடித்த ஓரமாப் பார்த்து மரச் சுத்தியால் மாற்றி மாற்றித் தட்டினேன், ‘பொளக்’ என்று ஒரு சத்தம். வலது பாதியைத் தூக்கும்போது அதில் இருந்த நாலு டேப்பெட்டும் (கேம் தள்ள, வால்வைத் திறக்கும் சின்ன உருளைகள்) கழன்று மடியில் விழுந்துச்சு.

பாலாற்று மணல்:
முகத்தில் கீறல்?

காட்பாடி வண்டு:
ஒண்ணுகூட இல்லை.

ஆற்காடு ஸ்பானர்:
சந்தோஷம். எந்த டேப்பெட் எந்தத் துளையில் இருந்ததுன்னு குறித்து வைத்தியா? பழைய கேம்ஷாஃப்ட்டையே பூட்டப்போறேன்னா அது அது தேய்ந்த இடத்துக்கே போகணும். உளி வைக்கிறவன் என்றாலும் நான் அதைக் குறிக்காமல் விட்டதில்லை.

காட்பாடி வண்டு:
இல்லை அண்ணே. நாலும் ஒரே டப்பாவில் மண்ணெண்ணெயில் கிடக்கு.