பழைய கார் ஏசி: ஒவ்வொரு கோடையும் கேஸ் போட்டும் குளிர்ச்சி நிக்கல, கம்ப்ரஸர் மாத்தணுமா?

நெல்லை_வண்டி:
2005 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கேஸ் ஆர்134ஏ. ஏத்தின ஒன்றரை மாசத்துல குளிர்ச்சி குறைஞ்சுடுது. வெளியே 34 டிகிரி இருக்கும்போது கேஜ் மாட்டினதுல இன்ஜின் ஆஃப்ல ரெண்டு பக்கமும் 55 பிஎஸ்ஐ. ஏசி போட்டு 1500 ஆர்பிஎம்ல லோ (கம்ப்ரஸருக்குள்ள கேஸ் போற பக்கம்) 10, ஹை (வெளியே வர்ற பக்கம்) 110. வென்ட்ல 20 டிகிரி. கம்ப்ரஸர் கிளட்ச் ஒழுங்கா ஒட்டுது. சிக்னல்ல நின்னா வெறும் காத்துதான், ஹைவேல கொஞ்சம் பரவாயில்லை. பட்டறையில கம்ப்ரஸர் போச்சுன்னு சொல்றாங்க. கேஸ் 450 கிராம் கேனை அப்படியே ஏத்தினாங்க, எடை பார்க்கலை.

குளிர்பெட்டி:
கம்ப்ரஸரைத் தொடாதீங்க. தேய்ஞ்ச கம்ப்ரஸர்னா லோ 60, 70னு ஏறி நிக்கும், ஹை மேலே போகாது, ரெண்டு முள்ளும் கிட்டக்கிட்ட வரும். உங்களுக்கு ரெண்டுமே கம்மி. அது கேஸ் இல்லாததோட அடையாளம்.

அதைவிடத் தெளிவான சாட்சி அந்த 55. 34 டிகிரியில சிஸ்டத்துக்குள்ள கேஸ் கொஞ்சமாவது திரவமா இருந்தா, இன்ஜின் ஆஃப்ல 110 பிஎஸ்ஐ காட்டியாகணும். பாதிதான் காட்டுதுன்னா திரவம் சுத்தமா தீர்ந்து ஆவி மட்டும்தான் மிச்சம். ஆனா இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கக்கூடாது. 110 இருந்தா கேஸ் நிறைவா இருக்குன்னு அர்த்தமில்லை. திரவம் கொஞ்சமே மிச்சம் இருந்தாலும் முழு அளவு இருந்தாலும் அதே 110தான். அதனாலதான் கேஸை எடை போட்டு ஏத்தணும்னு அடிச்சுச் சொல்றேன். பானட்டுக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு இருக்கும், அதுதான் கணக்கு.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. ஒன்றரை மாசத்துல போகுதுன்னா பெரிய லீக். அதைக் கண்டுபிடிக்காம மறுபடி ஏத்தினா காசும் காத்துல போகும், கூடவே ஆயிலும் கசியும். ஆயில் குறைஞ்ச பிறகுதான் நிஜமாவே கம்ப்ரஸர் போகும்.

கோவை_கூலிங்:
லீக் பார்க்கிற வரிசை சொல்றேனுங்க. முதல்ல கண்ணால பாருங்க. கேஸ் கசியற இடத்துல ஆயில் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்பா ஒட்டியிருக்கும். பைப் ஜாயின்ட், ஹோஸ் கிரிம்ப், கண்டென்சரோட (ரேடியேட்டருக்கு முன்னாடி, கேஸை ஆறவைக்கிற பகுதி) கீழ் மூலை, இதெல்லாம் வழக்கமான இடம். கிளட்சுக்கு நேர் மேல பானட்டுல ஆயில் தெறிச்சிருந்தா கம்ப்ரஸரோட ஷாஃப்ட் சீல் கசியுதுன்னு அர்த்தம். சர்வீஸ் போர்ட் மூடியைக் கழட்டி உள்ளே ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க. வால்வ் கோர் கசிஞ்சா குமிழி வரும், சின்ன செலவுல முடிஞ்சுரும்.

அங்க ஒண்ணும் இல்லைன்னா, மிச்ச கேஸை ரெக்கவரி மெஷின்ல எடுக்கச் சொல்லிட்டு நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏத்தி, கேஜோட ரெண்டு வால்வையும் மூடி, ராத்திரி முழுக்க விட்டு, முள் இறங்குதான்னு பாருங்க. ரெகுலேட்டர் இல்லாம ஏத்தவே கூடாது. டயர் பட்டறை காத்தையும் ஏத்தாதீங்க, அதுல ஈரம் இருக்கு. ஆக்சிஜன் சிலிண்டரைக் கிட்டயே கொண்டுவரக்கூடாது, ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும்.

இந்த வயசு வண்டில என் முதல் சந்தேகம் கூலிங் காயில் (டாஷுக்குள்ள காத்தைக் குளிர வைக்கிற பகுதி) மேலதானுங்க. கேபின் ஃபில்டர் இல்லாத வண்டின்னா தூசியும் ஈரமும் காயில்லயே படிஞ்சு அலுமினியத்தை அரிச்சுரும். யூவி டை (யூவி வெளிச்சத்துல மின்னுற சாயம்) 7 மில்லி, கூடக் கொஞ்சம் கேஸ் ஏத்தி ஏசியை ஓட்டிட்டு, டாஷுக்குக் கீழே தண்ணி சொட்டுற டிரெய்ன் பைப் வாயை யூவி டார்ச்ல இருட்டுல பாருங்க. பச்சையா மின்னினா காயில்தான்.

நெல்லை_வண்டி:
வெளியே எங்கேயும் பிசுக்கு இல்லை, போர்ட்லயும் குமிழி இல்லை. டிரெய்ன் பைப் வாயில பச்சை தெரியுது. காயிலைக் கழட்டி ஓட்டையை வெல்டு வெச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

கோவை_கூலிங்:
வேண்டாமுங்க. அரிச்ச காயில்ல ஒரு ஓட்டை அடைச்சா பக்கத்துல இன்னொண்ணு வரும். டாஷ்போர்டு பிரிக்கிற கூலிதான் இதுல பெரிய செலவு, அதை ரெண்டு தடவை கொடுக்காதீங்க. புதுக் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வ் (காயிலுக்குள்ள போற கேஸை அளந்து விடறது), டிரையர் (கேஸ்ல இருக்கிற ஈரத்தை உறிஞ்சறது), பிரிச்ச ஜாயின்ட் எல்லாத்துக்கும் பச்சை எச்என்பிஆர் ரப்பர் ஓ-ரிங், நாலையும் ஒரே நேரத்துல போட்டுருங்க. டிரையர் மூடியைக் கடைசியில, வேக்கம் போடறதுக்கு (பம்ப் வெச்சு உள்ளே இருக்கிற காத்தை இழுக்கிறதுக்கு) சற்று முன்னாடி திறங்க. திறந்து வெச்சா காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிட்டு வீணாப் போகும். ஹீட்டர் பெட்டியையும் சேர்த்து இறக்கினாங்கன்னா கூலன்ட் புதுசு ஊத்தச் சொல்லுங்க.

லீக் அடைக்கிற கெமிக்கல் எதுவும் ஊத்த விடாதீங்க, எக்ஸ்பான்ஷன் வால்வ்ல போய் உட்கார்ந்துக்கும்.

குளிர்பெட்டி:
ஆயில் கணக்கைப் பலரும் விட்டுடறாங்க. காயில் மாத்தினா சுமார் 40-50 மில்லி, டிரையருக்கு 15 மில்லி. சர்வீஸ் புத்தகம் வேற அளவு சொன்னா அதைத்தான் எடுத்துக்கணும். பெரும்பாலும் பிஏஜி 46ங்கிற கம்ப்ரஸர் ஆயில் வரும், கம்ப்ரஸர் லேபிள்ல பார்த்துக்குங்க. திறந்து வெச்ச பழைய பாட்டில் வேண்டாம், பிஏஜி ஈரத்தை இழுக்கும்.

வேக்கம் 45 நிமிஷம், கேஜ்ல 29 அங்குலம் (பாதரச அளவு). அந்த நிலையில தண்ணி 25 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியா வெளியேறும், ஈரம் எடுக்கிற வழி அதுதான். (ஊட்டி மாதிரி உயரத்துல 23 அங்குலம் பக்கத்துலயே முள் நின்னுடும். பம்ப் கோளாறுன்னு நினைக்க வேண்டாம்.) அப்புறம் வால்வை மூடி அரை மணி நேரம் விடுங்க, முள் அசையக்கூடாது.

கேஸ் ஏத்தும்போது கேன் தராசு மேல இருக்கணும். இன்ஜின் ஓடும்போது லோ சைடு வழியா, கேனை நிமிர்த்தி வெச்சு ஆவியா மட்டும் ஏத்தணும். கவிழ்த்தா திரவம் கம்ப்ரஸருக்குள்ள போய் வால்வை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது ஹை வால்வைத் திறந்தா கேன் வெடிச்சுடும். ஆர்134ஏன்னு சொல்லி எல்பிஜி வகைக் கலவையை அடைச்ச மலிவு கேனும் சந்தையில இருக்கு. கூலிங் காயில் லீக் ஆனா அது வர்ற இடம் கேபினுக்குள்ளதான், தீப்பிடிக்கிற வாயு. தெரிஞ்ச கடையில மட்டும் வாங்குங்க.

முடிஞ்சதும் 34 டிகிரி வெயில்ல, 1500 ஆர்பிஎம்ல லோ 28-40, ஹை 200-250 வரணும். வென்ட்ல 7-10 டிகிரி.

சிக்னல்ல சூடாகுறதுக்குக் கேஸ் குறைவே காரணமா இருக்கலாம். சரியான எடை ஏத்தின பிறகும் ஐடில்ல ஹை 300ஐத் தாண்டினா, கண்டென்சர் மேல தண்ணி ஊத்திப் பாருங்க. சட்டுனு இறங்கினா காத்து பத்தலை. ஃபேன் ரிலே, மோட்டார் பிரஷ், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைச்சிருக்கிற தூசி, மூணையும் பாருங்க. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி இருக்கிற வண்டின்னா, ஏசி போட்டு கண்டென்சர் முன்னாடி ஒரு தாளைப் பிடிங்க. உள்ளே இழுத்து ஒட்டிக்கணும். தள்ளினா மோட்டார் வயரை மாத்திக் கொடுத்திருக்காங்க. நின்னுட்டிருக்கும்போது சூடு, ஓடும்போது குளிர்ங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.