உதகையில் கண்ட செம்மணிக் கதிர்: இது எந்தக் கோரை?

மல்லேஸ்வரம் வாசகர்:
சென்ற அக்டோபரில் பெங்களூரிலிருந்து உதகைக்குப் போயிருந்தபோது, சோலையின் ஓரத்தில் நீர் கசியும் சரிவொன்றில் இடுப்புயரம் செழித்து நின்ற ஒரு செடியைக் கண்டேன். இலைகள் புல்லைப் போலவே நீண்டிருந்தன. தடவிய விரலை அவற்றின் விளிம்பு அறுத்துவிட்டது. ஆனால் கதிர் முழுவதும் மிளகைவிடச் சற்றுச் சிறிய, உப்பிய, செந்நிற மணிகள் அடர்ந்திருந்ததால் புல் என்று ஒப்ப மனம் வரவில்லை. தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று பட்டைகள் தட்டுப்பட்டன. இது கோரைதானா? எனில், பெயரை உறுதிசெய்வது எப்படி? கையில் இருப்பவை படங்கள் மட்டுமே.

ஜெயநகர் வாசகர்:
கோரைதான். புல்லின் தண்டு பெரும்பாலும் உள்ளே பொள்ளலாகவும் கோரையின் தண்டு நிரம்பியும் இருக்கும். ஆனால் அதை மட்டும் பார்த்தால், தண்டு நிரம்பிய புற்களான கரும்பும் சோளமும் ஏமாற்றிவிடும். இலையடி உறையையும் பாருங்கள். புல்லில் அது பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும், கோரையில் குழல்போல் மூடியிருக்கும். கோரையின் இலைகள் மூன்று வரிசையில் அமையும், புல்லில் இரண்டே.

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, நீங்கள் கண்டது கேரெக்ஸ் பக்கான்ஸ் என்றே நினைக்கிறேன். கேரெக்ஸ் பேரினத்தின் தனி அடையாளம், பெண் பூவின் சூலகத்தை முழுவதுமாக மூடிக்கொள்ளும் ஒரு சிறு பை. உங்கள் செம்மணி உண்மையில் கனியல்ல, முற்றி உப்பிய அந்தப் பைதான். கீழே உதிர்ந்த மணி ஒன்றை நகத்தால் கீறியிருந்தால், உள்ளே முப்பட்டையான கொட்டை தெரிந்திருக்கும். ஸ்கிளீரியா என்ற வேறொரு கோரையின் மணிகளும் கண்ணைக் கவரும். ஆனால் அவை பெரும்பாலும் வெண்மையாக, எலும்புபோல் கடினமாக, பையின்றி வெளிப்படையாக இருக்கும். சிவப்பை மட்டும் நம்பக் கூடாது, இளம் கதிரில் அந்த நிறமே இராது. ஆண் பூக்கள் எங்கே இருக்கின்றன என்பதே எனக்கு முக்கியம்: இந்தச் சிற்றினத்தில் ஒவ்வொரு சிறுகதிரின் நுனியிலும் ஆண் பூக்கள், அடியில் பெண் பூக்கள்.

மல்லேஸ்வரம் வாசகர்:
மிக்க நன்றி, அம்மா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செம்மணிகளுக்கு மேலே, சிறுகதிரின் நுனியில், உலர்ந்த மகரந்தத்தாள்களின் காம்புகள் பழுப்பு இழைகளாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பையின் வாயில் என்ன இருக்கிறது என்பதுதான் தெளிவாகத் தெரியவில்லை.

தாவரவியல் ஆசிரியை:
அந்த இழைகளைக் கவனித்தது மிகவும் நல்லது. என் ஐயம் பெரிதும் நீங்கியது. பையின் வாயில் சூல்முடிகள் மூன்று இருக்க வேண்டும்; முற்றிய மணியில் அவை உதிர்ந்திருக்கலாம். இந்திய அறிவியல் கழகம் உங்கள் வீட்டுக்கு அருகில்தானே? அங்குள்ள உலர்தாவரத் தொகுப்பை முன் அனுமதி பெற்றுப் பாருங்கள். அடுத்த முறை மலையேறும்போது செடியைப் பறிக்காமல், கைலென்ஸை வைத்துக் கதிரின் நுனி, பையின் வாய், இலையடி உறை ஆகிய மூன்றையும் அருகிலிருந்து படமெடுங்கள்.