கனடா ஸ்பவுஸ் விசா மெடிக்கல்: பிரசவத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் கோபி. எனக்கு இப்ப ஏழாம் மாசம். வீட்டுக்காரர் கனடாவுல பிஆர் (நிரந்தரக் குடியுரிமம் வாங்கினவர்), என்னைக் கூப்பிட்டுக்கற ஸ்பான்சர் அவர்தான். விசாவுக்கு மெடிக்கல் (உடல் பரிசோதனை) எடுக்கச் சொல்லி கனடா இமிக்ரேஷன்ல இருந்து லெட்டர் வந்துருச்சு, 30 நாள் கெடு.

சிக்கல் எக்ஸ்ரேதானுங்க. வயித்துல குழந்தை இருக்கறப்ப நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க எனக்கு மனசு வரல. சென்னையில பேனல் டாக்டர் (இந்த மெடிக்கலுக்குக் கனடா அங்கீகரிச்ச டாக்டர்) கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். "ரத்தம், யூரின், உடம்பு பரிசோதனை இப்ப முடிச்சுக்கலாம், எக்ஸ்ரேவை மட்டும் பிரசவத்துக்கு அப்புறம் வச்சுக்கலாம்"னு சொன்னாங்க. ஆனா அதுவரைக்கும் ஃபைல் நகராதாம். எங்க டாக்டரம்மா கிட்ட பிரசவத் தேதி போட்டு லெட்டர் வாங்கி, அவகாசம் கேட்டு இமிக்ரேஷனோட வெப்ஃபார்ம்ல (ஆன்லைன் படிவத்துல) அனுப்பியாச்சு. தானா வர்ற பதில் மட்டும்தான் வந்துச்சு. வீட்டுக்காரர் கனடாவுல இருந்து அவங்களுக்குப் போன் பண்ணியும் தெளிவா ஒண்ணும் கிடைக்கல.

மெடிக்கல் 12 மாசம்தான் செல்லும். பிறக்கற குழந்தையையும் விண்ணப்பத்துல சேர்க்கணும், அதுக்கும் மெடிக்கல், பாஸ்போர்ட் வேணும். அதுக்குள்ள என்னோடது காலாவதி ஆயிருமோன்னு ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க. இந்த வயித்தோட ஈரோட்டுல ரயிலேறி சென்னை போயிட்டு வரவும் யோசனையா இருக்கு.

கர்ப்பமா இருந்தப்ப இந்த லெட்டர் வந்தவங்க சொல்லுங்க: மத்த டெஸ்டை இப்பவே முடிச்சு எக்ஸ்ரேவை மட்டும் தள்ளி வச்சீங்களா, இல்ல மொத்தத்தையும் குழந்தையோட சேர்த்து எடுத்தீங்களா?