சிகிரியா நீரூற்றுகளைக் கோடையிலும் ஓட வைக்கலாமா?

வாய்க்கால்கரை:
இலங்கையின் பாறைக்கோட்டையான சிகிரியாவின் மேற்குப் பக்க நீர்த்தோட்டத்தில் வட்டமான சுண்ணாம்புக்கல் பலகைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் துளைகள் வழியே இன்றும் தண்ணீர் எழும்புகிறது. காசியப்பன் என்ற மன்னன் (477–495) காலத்து அமைப்பு அது. அவனுக்குப் பின் அந்த இடம் பிக்குகளின் மடமாகி, பிறகு காடு மூடிக் கிடந்தது. கலாசார முக்கோணத் திட்டம் என்ற இலங்கைத் தொல்லியல் பாதுகாப்புத் திட்டம் 1982இல் சிகிரியாவில் வேலையைத் தொடங்கிய பிறகுதான் தோட்டங்கள் பெரிய அளவில் அகழப்பட்டன. இவ்வளவும் செய்த பிறகு ஒரு மோட்டார் பூட்டினால் ஆண்டு முழுவதும் ஓடுமே, தடை என்ன?

நீர்மட்டம்:
மோட்டார் பூட்டினால் முதலில் கெடுவது நிலத்தடிக் கால்வாய்தான். அந்த ஊற்றுகள் புவியீர்ப்பால் ஓடுபவை. மேலே உள்ள குளத்தின் நீர்மட்டத்துக்கும் துளைக்கும் இடையில் எவ்வளவு உயர வித்தியாசமோ, அவ்வளவுதான் அழுத்தம். அரை மீட்டர் வித்தியாசம் என்றால் உராய்வே இல்லாவிட்டாலும் தண்ணீர் அரை மீட்டருக்கு மேல் எழும்பாது. நடைமுறையில் அதைவிடக் குறையும். குளம் வற்றும்போது ஊற்று நிற்பது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான்.

பத்து மீட்டர் நீருயர அழுத்தத்தைச் சிறிய மோட்டாரே கொடுத்துவிடும். பழைய மூட்டுகள் அதைத் தாங்காது. கசியும் தண்ணீர் சுற்றியுள்ள நுண்மண்ணை அரித்துக்கொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பொந்து பெரிதாகி மேல்தளம் இறங்கிய பிறகுதான் கண்ணில் படும்.

கிணற்று நீர் வேறொரு தொல்லை. உலர் வலயத்து நிலத்தடி நீர் கடினமானது. துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். அதைக் கரைக்க அமிலம் ஊற்றவே கூடாது, பலகையும் அதே சுண்ணாம்புப் பொருள்தான், சேர்ந்து கரைந்துவிடும். மூங்கில் குச்சியும் மென்மையான தூரிகையும் போதும்.

தூர்வாரி:
அடைப்பு எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் தவறுகிறார்கள். முதலில் டியூப் லெவல் (நீர் நிரப்பிய, மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய்) வைத்துக் குளம், கால்வாய், ஊற்று மூன்றின் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நீர் வெளியேறும் முனையிலிருந்து மேல்நோக்கித் தூர் வார வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலங்கிய சேறு கீழே போய் இறுகிவிடும். உயர் அழுத்த நீர்ப்பீச்சு வேண்டாம். எடுத்த மண்ணை அடுக்கு வாரியாகப் பிரித்துச் சலிக்க வேண்டும். பழைய விதை, ஓட்டுத் துண்டு எல்லாம் அதில்தான் கிடைக்கும். வேரைப் பிடித்து இழுத்தால் கல்லும் கூடவே வரும். வெட்டிவிட்டு மட்கவிடுங்கள், மட்கிய இடத்தைப் பிறகு காரையால் நிரப்பலாம்.

வாய்க்கால்கரை:
அப்படியானால் மூட்டுகளைச் சிமெண்டால் இறுக்கிவிட்டு, குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால்?

நீர்மட்டம்:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல்லைவிட அது கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியே போகும். கரைந்த உப்பு அங்கே படிகமாகி முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். நீற்றி மாதக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த செங்கல் தூள் 1, மணல் 2 என்ற கலவை நீருக்கடியிலும் இறுகும். செங்கல் நன்றாகச் சுட்டதாகவும் கருகாததாகவும் இருக்கட்டும். கருகியதன் தூள் சுண்ணாம்போடு சரியாக வினைபுரியாது. பூசியதை நனைந்த சாக்கால் மூடி ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்தால் மயிரிழை வெடிப்பு வரும், தண்ணீர் அதிலேயே வழி கண்டுபிடித்துவிடும். நான்கு வாரம் போன பிறகே நீர் நிரப்பலாம், அதையும் நாளுக்கு ஒரு சாண் வீதம் ஏற்றுங்கள்.

தூர்வாரி:
இன்னொன்று. அங்கே தோட்டம் சமச்சீரானது, நடுவே போகும் அச்சுப்பாதையின் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் சிறு நீர்த்தோட்டம் எனப்படும் பகுதியின் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் இணையை மண்ணுக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். என் பார்வையில் அந்தத் தளத்தில் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான். கோடையில் ஊற்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வெளியே ஒரு மாதிரி கட்டி அதில் மோட்டார் பூட்டலாம். அசலை மழைக்கு விட்டுவிடுங்கள்.